மெதுவாக ஓடிய கம்ப்யூட்டர்

ஜமுனாமரத்தூரில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் நவீன்குமாருக்கு முதலில் வந்தது வாந்தி, அதற்கப்புறம் வந்தது ஜோக். ஆலங்காயத்தில் ஆரம்பித்து ஒவ்வொரு வளைவுக்கும் வயிற்றைப் பிடித்துக்கொண்டே வந்தவன், சாலையோரப் புளியமரத்தடியில் குனிந்து நிமிர்ந்து வாயைக் கொப்பளித்துவிட்டு, "காலைல சாப்ட்ட பூரிக்கு மலை ஒத்துக்கலையாம் மேடம், இங்கயே எறங்கிக்கிச்சு" என்றான்.

சகிலா சிரிக்கவில்லை. வாணியம்பாடியில் செருப்புக் கடைக்கு மேலே மாடியில் ஒரு மேஜை, இரண்டு நாற்காலி, ஒரு கம்ப்யூட்டர் போட்டுத் துப்பறியும் நிலையம் நடத்துகிறவள் அவள். காணாமல் போனவர்களைத் தேடித் தருவதில் கைராசிக்காரி என்று பெயர். தேடுகிற வேளையில் சிரிப்பது அவள் வழக்கமில்லை. அந்தக் குறையை நிரப்பத்தான் தன்னைச் சம்பளம் கொடுத்து வைத்திருக்கிறாள் என்பது நவீன்குமாரின் கட்சி. சந்தவாசல் ஊர்க்காரன். இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பன். தொந்தி விழுந்தாயிற்று, தலையிலும் வெளிச்சம் வந்தாயிற்று, வாய் மட்டும் இன்னும் காலேஜில் கடைசி பெஞ்சில்தான் உட்கார்ந்திருந்தது.

அவர்கள் தேடிவந்தது ராஜாக்கண்ணுவை. கர்நாடகாவில் காப்பித் தோட்ட வேலை என்று சொல்லி மலையாட்களை லாரியில் ஏற்றி, ஆந்திராக் காட்டில் செம்மரம் வெட்ட இறக்கிவிடுகிற வடிவேலு என்ற ஏஜென்ட் ஒருவன். அவன் ஏற்றிய லாரியில் ராஜாக்கண்ணுவும் போனான், அவன் தம்பியும் போனான். திரும்பி வந்தது ராஜாக்கண்ணு மட்டும். லாரி ஏற்றியது வடிவேலுதான் என்று கோர்ட்டில் சொல்ல மிச்சமிருக்கிற ஒரே வாய் அவனுடையதுதான். திங்கட்கிழமை வழக்கு வருகிறது. ஆளைக் காணோம்.

ராஜாக்கண்ணுவின் மனைவி வெள்ளையம்மாள் புதன்கிழமை ஆபீஸுக்கு வந்தாள். நாற்காலி இருந்தும் உட்காரவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொல்லிவிட்டு, போகும்போது கதவைப் பிடித்துக்கொண்டு, "எங்க கீறாருன்னுகூட சொல்ல வேணாங்க. உயிரோட கீறாரான்னு மட்டும் சொல்லுங்க" என்றாள். அன்றைக்கு முழுவதும் நவீன்குமாருக்கு ஒரு ஜோக்கும் வரவில்லை. நிலையத்தின் சரித்திரத்தில் அதுதான் முதல் தடவை.

கையிலிருந்த துப்பு ஒன்றே ஒன்று. மறைவதற்கு முன்னால் ராஜாக்கண்ணு புது போன் ஒன்று வாங்கியிருந்தான். அதைப் பிரித்து சிம் போட்டு ஓடவைத்துக் கொடுத்தது ஜமுனாமரத்தூரில் சிவசங்கரி என்கிற பெண் நடத்தும் கம்ப்யூட்டர் சென்டர். அந்த போன் எங்கே இருக்கிறதோ அங்கே அவன் இருப்பான். அந்த போனின் வேர் அந்தக் கடையில் இருக்கும் என்பது சகிலாவின் கணக்கு.

அன்று சந்தை நாள். கடை வாசலில் ஜெராக்ஸுக்கும் போட்டோவுக்கும் கூட்டம். நவீன்குமார் வரிசையில் போய் நின்று ஊர்க்கதை பேசி, கொஞ்ச நேரத்தில் ஒரு சேதியோடு திரும்பி வந்தான். மலையில் யாருக்கும் சொந்தமாக இ-மெயில் கிடையாதாம். புது போன் வாங்கி வருகிற ஒவ்வொருவருக்கும் சிவசங்கரி தன் கடையின் இ-மெயிலையே போட்டுத் திறந்து கொடுத்துவிடுகிறாளாம். கண்ணெதிரே ஒரு கிழவரின் போனுக்கு அப்படிச் செய்ததைப் பார்த்தும் வந்திருந்தான்.

"மலையில கீற போனு பூரா ஒரே கொடியில காயுது மேடம். கொடி கட்டியிருக்கிறது இவங்க வூட்டு ஆணியில."

சகிலா தலையாட்டினாள். அந்த ஒரு இ-மெயில் கடைக் கம்ப்யூட்டரில் திறந்திருந்தால் போதும். தொலைந்த போனைத் தேடுகிற வசதியைத் தட்டினால் ஒவ்வொரு போனும் இருக்கிற இடத்தை மேப்பில் புள்ளி வைத்துக் காட்டிவிடும்.

சிவசங்கரிக்கு முப்பது வயதிருக்கும். கூட்டத்தை ஒரு கையால் சமாளித்துக்கொண்டே சகிலா சொன்னதை எல்லாம் கேட்டாள். ராஜாக்கண்ணு யாரென்றே நினைவில்லை, தினமும் எத்தனையோ பேர் வருகிறார்கள் என்றாள். கம்ப்யூட்டரைக் கொஞ்சம் பார்க்கலாமா என்றதற்கு, நாற்காலியைத் துடைத்தே போட்டாள்.

"நல்லா பாத்துக்குங்க மேடம். அதுல ஒண்ணும் இல்லீங்க."

நிஜமாகவே ஒன்றும் இல்லை. இருப்பிடம் காட்டும் வசதி அணைக்கப்பட்டிருந்தது. என்னென்ன திறந்தோம் என்கிற பழைய வரலாறு துடைக்கப்பட்டிருந்தது. இனிமேல் சேர்த்து வைக்காதே என்றும் உத்தரவு போட்டாகியிருந்தது. கேமராவுக்கும் மைக்குக்கும் பூட்டு. போனையும் கம்ப்யூட்டரையும் இணைக்கிற மென்பொருளை வேரோடு எடுத்தாயிற்று. நாம் என்ன செய்கிறோம் என்று கம்பெனிக்கு இரகசியமாகச் சேதி அனுப்பிக்கொண்டே இருக்குமே, அதற்கும் வாயடைப்பு. பிரவுசரில் இ-மெயில் திறந்திருக்கவில்லை, பாஸ்வேர்டு ஒன்றுகூட சேமித்து வைக்கப்படவில்லை.

"கல்யாண வூட்டுக்கு வெள்ளயடிச்ச மாதிரி கீது மேடம்" என்றான் நவீன்குமார்.

சிவசங்கரி ஜெராக்ஸ் மிஷின் பக்கமிருந்து, கம்ப்யூட்டர் ரொம்ப ஸ்லோவாகிவிட்டது, வீடியோ பார்த்துத் தானே க்ளீன் பண்ணியதாகச் சொன்னாள். கேட்காத கேள்விக்கு வந்த பதில் அது. சகிலா அதை மனசில் முடிந்துகொண்டாள்.

நவீன்குமாருக்கு உடனே தங்கள் ஆபீஸ் கம்ப்யூட்டர் ஞாபகம் வந்துவிட்டது. அது பட்ட பாடும் அதேதான். ஆன் செய்துவிட்டு டீ குடிக்கப் போய், பேப்பர் படித்து முடித்து வந்தாலும் அப்போதுதான் கொட்டாவி விட்டுக்கொண்டிருக்கும். சில நாளைக்கு முன்னால் ஒரு சர்வீஸ்காரர் வந்தார். கட்டட ஓனர் எல்லாக் கடைக்கும் சேர்த்து அனுப்பியிருக்கிறார், இலவசம் என்றார். ஓசியில் கிடைத்தால் ஃபினாயிலையும் குடிப்பான் என்று நவீன்குமாரின் மனைவி சொல்வது சும்மாவா? உட்கார வைத்து டீயும் வாங்கிக் கொடுத்தான். வார்த்தைக்கு வார்த்தை சார் போட்டுப் பேசிய மனிதர். அவர் போன பிறகு கம்ப்யூட்டர் கண்ணை மூடித் திறப்பதற்குள் திறந்தது. ஸ்பீடு எப்படி இருக்கிறது என்று அப்புறம் தானே போன் பண்ணிக் கேட்பதாகவும் சொல்லிவிட்டுப் போனார். அதை எல்லாம் சிவசங்கரிக்குச் சொல்லி, அவர் நம்பர் வாங்கித் தரட்டுமா என்றும் கேட்டான். அவள் வேண்டாம் என்றாள்.

சகிலா இதில் ஒன்றையும் காதில் வாங்கவில்லை. கம்ப்யூட்டரை நிறுத்தி மறுபடி ஆன் செய்தாள். சிவசங்கரியே எட்டி வந்து எதையோ தட்டி உள்ளே நுழைத்துவிட்டுப் போனாள். நவீன்குமார் வாசலுக்குப் போய் ஒரு பொட்டலம் வேர்க்கடலை வாங்கி வந்து பாதிக்கு மேல் தின்றான். திரை இன்னும் சுற்றிக்கொண்டே இருந்தது. ஒருவழியாகத் திறந்தபோது, கூடவே யாரும் கூப்பிடாமல் வரிசையாக எழுந்து வந்தன: மிட்டாய் உடைக்கிற விளையாட்டு ஒன்று, கல்யாண ஆல்பம் போடுகிற மென்பொருள், தமிழ் டைப் அடிக்க இரண்டு, ஒன்றையொன்று சந்தேகப்படும் இரண்டு ஆன்டி வைரஸ், எப்போதோ காயலான் கடைக்குப் போய்விட்ட பிரிண்டருக்கு உதவியாள் ஒன்று.

சகிலா நாற்காலியைத் திருப்பிக்கொண்டாள். சிவசங்கரியைக் கிட்டத்தில் கூப்பிட்டு, மெதுவாகத்தான் கேட்டாள்.

"ஸ்லோன்னு க்ளீன் பண்ணேன்னீங்க. வேகத்தத் தின்றதுல ஒண்ணக்கூட தொடல. ஆளக் காட்டிக் குடுக்கறதுல ஒண்ணக்கூட விடல. ராஜாக்கண்ணு உங்களுக்கு யாரு?"

சிவசங்கரியின் முகம் வெளுத்தது. மறைக்கத் தெரிந்த அளவுக்குப் பொய் சொல்லத் தெரியாத பெண். வாசலில் நின்றவர்களைத் திரும்பிப் பார்த்தாள். அப்புறம் குரலைத் தாழ்த்தி, தன்னைச் சொந்தத் தங்கச்சி மாதிரி நினைக்கிறவர் அவர் என்று ஒப்புக்கொண்டாள். திங்கட்கிழமை தானே கூட்டிக்கொண்டு போய் கோர்ட்டில் நிறுத்தப் போவதாகவும், அதுவரைக்கும் யாருக்கும் சொல்வதில்லை என்று சத்தியம் செய்து கொடுத்திருப்பதாகவும் சொன்னாள். மனைவிக்காவது சொல்லக் கூடாதா என்றாள் சகிலா. அந்த அக்காவுக்குத் தெரிந்தால் அழுவாள், அழுதால் பக்கத்து வீட்டுக்குத் தெரியும், பக்கத்து வீட்டிலேயே வடிவேலுவுக்கு ஆள் இருக்கிறது என்றாள் சிவசங்கரி.

"விட்டுடுங்க மேடம். நீங்க கண்டுபிடிச்சா நீங்க மட்டும் கண்டுபிடிக்க மாட்டீங்க."

நியாயமான பேச்சு. அந்த இடத்தில் வேறு யாராக இருந்தாலும் எழுந்து கும்பிட்டுவிட்டுக் கீழே இறங்கியிருப்பார்கள். ஆனால் தேடுவதையே தொழிலாக வைத்துக்கொண்டவளுக்கு, இருக்கிறது என்று தெரிந்த பொருளைத் தொடாமல் போகத் தெரியாது. இது சகிலாவின் குணம் என்பதா, குற்றம் என்பதா, அன்றைக்குச் சாயங்காலம் வரை யாரும் யோசிக்கவில்லை.

அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போனது. யு.பி.எஸ். இரண்டு முறை அழுதுவிட்டு அடங்கிற்று. ஜெராக்ஸ் மிஷின் யாருடைய ஆதார் அட்டையையோ பாதி விழுங்கிய நிலையில் நின்றுவிட்டது. வாசலில் சத்தம். பக்கத்து மருந்துக் கடை இன்வெர்ட்டரிலிருந்து ஒயர் இழுக்க சிவசங்கரி ஓடினாள். ஒயர் வந்தது, கம்ப்யூட்டர் தானாகவே உயிர் பெற்றது, அவள் வாசலிலேயே கூட்டத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டு நின்றாள்.

திரையில் இப்போது இரண்டு பெயர்கள் தெரிந்தன. ஒன்று 'சிவசங்கரி'. இன்னொன்று 'போட்டோ'.

சகிலாவின் விரல் மவுஸ் மேல் நின்றது. எப்போதாவது உதவிக்கு வருகிற கன்னியம்மாள் என்ற பெண் போட்டோ எடுத்துப் பிரிண்ட் போடுவதற்காகத் தனியாக வைத்திருந்த வழி அது. சிவசங்கரி பூட்டியதெல்லாம் தன் பெயரில் நுழைகிற வழியில். அந்தப் பூட்டுகள் அந்தப் பெயருக்கு மட்டும்தான் செல்லும். வீடியோவில் அதை யாரும் சொல்லிக் கொடுத்திருக்கவில்லை.

"முன்வாசல்ல ஏழு பூட்டு, தோட்டத்துப் பக்கம் கதவே இல்ல" என்றான் நவீன்குமார். சொல்லிவிட்டு வாசலைப் பார்த்தான். சிவசங்கரியின் முதுகு தெரிந்தது. ஆதார் அட்டையை இழுத்துக்கொண்டிருந்தாள். "அவங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டுப் பாக்கலாமே மேடம்."

"சொன்னா விடுவாங்களா?" என்றபடி சகிலா தட்டினாள்.

பாஸ்வேர்டு கேட்கவில்லை. பிரவுசரில் கடை இ-மெயில் வாயைத் திறந்துகொண்டு கிடந்தது. அதில் மலையாட்களின் நம்பர்கள் எல்லாம் பெயரோடு இருந்தன. எல்லாம் மனிதர்களின் பெயர்கள். ஒன்று மட்டும் 'நாவமரம்'.

நவீன்குமாரால் வாயை வைத்துக்கொண்டு இருக்க முடியவில்லை. "மரத்துக்கெல்லாம் போன் வாங்கிக் குடுத்துட்டாங்களா மேடம்? ரீசார்ஜ் யாரு பண்றாங்க, கிளியா?"

சகிலாவின் உதட்டில் அன்றைக்கு முதல் முறையாக ஒரு சிரிப்பு வந்தது. ஆளின் பெயரை மறைக்கத்தான் மரத்தின் பெயரை வைத்திருக்கிறாள், கெட்டிக்காரப் பெண் என்று பாராட்டினாள். ராஜாக்கண்ணு மறைந்த நாளை ஒட்டி இ-மெயிலில் சேர்ந்த போன் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அதைத் தட்டினாள். மேப் கொஞ்ச நேரம் பச்சையாகவே நின்றது. பிறகு நெல்லிவாசல்நாட்டுப் பக்கம், ரோடு முடிகிற இடத்துக்கு மேலே, ஒரு பாறை மேட்டில் புள்ளி விழுந்தது.

எதைக் கண்டுபிடித்தாலும் உடனே படம் எடுத்து வாட்ஸப்பில் ஆபீஸுக்கு அனுப்பி வைப்பது அவள் பழக்கம். ஒரு தடவை பாலாற்று மணலில் போனைத் தொலைத்ததில் ஒரு கேஸே போனது. அதிலிருந்து இந்த ஏற்பாடு. போன் தொலைந்தாலும் ஆபீஸ் கம்ப்யூட்டரில் பத்திரமாக இருக்கும். நெல்லிவாசல்நாட்டுப் புள்ளியையும், நாவமரத்தின் நம்பரையும் அப்படியே அனுப்பினாள். பிறகு திரையை முதலில் இருந்தபடி மாற்றி வைத்துவிட்டு எழுந்தாள்.

சிவசங்கரி வியர்வையைத் துடைத்துக்கொண்டு உள்ளே வந்தாள். சகிலா, நீங்கள் சொன்னது சரிதான், இதில் ஒன்றும் இல்லை என்றாள். அந்தப் பெண் விட்ட பெருமூச்சு நவீன்குமாருக்குக் கேட்டது. குடிக்கத் தண்ணீர் கொடுத்தாள். ஊருக்குப் போகும் பஸ் எங்கே நிற்கும் என்று வாசல் வரை வந்து கை காட்டினாள். நவீன்குமார் தலை நிமிரவில்லை.

அவர்கள் அந்தப் பஸ்ஸுக்குப் போகவில்லை. நெல்லிவாசல்நாட்டுக்குப் போகிற ஷேர் ஜீப்புக்குப் போனார்கள். ஷேர் ஜீப்புக்கு ஒரே ஒரு சட்டம்தான் உண்டு. ஆள் நிறைந்தால்தான் நகரும். சந்தைக்கு வந்தவர்களோ சந்தை முடியாமல் ஏறுவதாக இல்லை. டிரைவர் பீடி பிடித்தார். ஒரு கோழிக்கூடை ஏறியது, கூடைக்காரர் இறங்கி வெற்றிலை வாங்கப் போனார். அவர்கள் அப்படி உட்கார்ந்திருக்கும்போதே ஒரு பைக் அவர்களைத் தாண்டி நெல்லிவாசல்நாட்டு ரோட்டில் ஏறிப் போனது. இரண்டு பேர், இரண்டு பேரும் ஹெல்மெட். பின்னால் இருந்தவன் ஜீப்பைப் பார்த்துக் கையைத் தூக்கினான். யாரோ தெரிந்தவர்போல என்று நவீன்குமாரும் பதிலுக்குக் கையைத் தூக்கினான்.

"இன்னா வேகம் போறான் பாருங்க மேடம், சர்வீஸ் பண்ண நம்ம கம்ப்யூட்டர் மாதிரி."

ஜீப் ஒருவழியாகக் கிளம்பியது. பள்ளமும் கல்லுமாக ரோடு. இந்தப் பக்கம் சாமை விளைகிற கொல்லை, அந்தப் பக்கம் கிடுகிடு பள்ளம். கோழிக்கூடை நவீன்குமாரின் மடியில். வெள்ளையம்மாளிடம் என்னவென்று சொல்வது, எப்படிச் சொல்லித் தொடங்குவது என்று மனசுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்தான். உயிரோடு இருக்கிறார் அக்கா என்று எடுத்த எடுப்பிலேயே சொல்லிவிட வேண்டும். மற்றதெல்லாம் அப்புறம்.

சகிலா திடீரென்று அவன் பக்கம் திரும்பினாள்.

"நவீன், அந்த சர்வீஸ்காரரு நம்ம கம்ப்யூட்டர்ல இன்னா எடுத்தாரு?"

"வேண்டாதது எல்லாத்தயும் எடுத்துட்டாரு மேடம். கேமு, பழைய பிரிண்டரு, ரெண்டாவது ஆன்டி வைரஸு..."

"எதையாச்சும் மூடினாரா?"

"மூடறதா? கேமரா வேலை செய்யாம கெடந்துச்சே, அதக்கூட தெறந்து குடுத்தாரு." சொல்லும்போதே அவன் குரல் இறங்கியது. "ஸ்க்ரீன் மூலைல சின்னதா ஒரு நீலப் பொட்டு இருக்கும். எதுனா ரிப்பேருன்னா வர வேண்டியதே இல்ல, அங்கேந்தே பாத்துக்கறேன்னாரு."

சகிலா கண்ணை மூடித் திறந்தாள். வெள்ளையம்மாள் வந்தது என்றைக்கு என்று கேட்டாள். புதன் என்றான். சர்வீஸ்காரர்? மறுநாள், வியாழன் என்றான் நவீன்குமார்.

அந்தக் கடையில் இருந்தது வேகமில்லாமல் ஓடினாலும் வாயை மூடிக்கொண்டிருந்த கம்ப்யூட்டர். தங்கள் ஆபீஸில் இருப்பது காற்றாய்ப் பறக்கிற கம்ப்யூட்டர், எல்லாக் கதவும் விரியத் திறந்த கம்ப்யூட்டர். அங்கே பார்த்தவுடன் பிடித்த வித்தியாசத்தைத் தன் மேஜை மேல் பார்க்க அவளுக்குத் தெரியவில்லை. அவள் அனுப்பிய இரண்டும், அந்தப் புள்ளியும் அந்த நம்பரும், வாட்ஸப் திறந்தபடி கிடக்கும் அந்தத் திரையில் விழுந்திருக்கும். யாரோ ஒருவன் அங்கே வராமலே உட்கார்ந்து பார்த்திருப்பான். பைக்கில் போனவன் கையைத் தூக்கியது ஏன் என்று இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் விளங்கியது.

"போனப் போடு. அங்கேந்து கெளம்பச் சொல்லு" என்றாள் சகிலா. தனக்குத் தெரிந்த இன்ஸ்பெக்டரை அவளும் கூப்பிட்டாள். ஆள் அனுப்புவதாகச் சொன்னார். கீழேயிருந்து மலையேறி அந்த மூலைக்கு வந்து சேர நேரமாகும் என்றும் சொன்னார்.

டவர் வருவதும் போவதுமாக இருந்தது. ஒரு வளைவில் இரண்டு கோடு வந்தது. நவீன்குமார் நாவமரத்தின் நம்பரைப் போட்டான். மணி அடித்தது. அடித்து அடித்து நின்றது. மறுபடி போட்டான். மறுபடி அடித்தது. அவனுக்கு அதுவே பெரிய தெம்பாக இருந்தது.

"ரிங் போவுது மேடம். போனு ஆன்ல கீது. ஒண்ணும் ஆயிருக்காது."

அடுத்த வளைவில் டவர் போய்விட்டது. அதற்கடுத்ததில் வந்தது. விடாமல் போட்டான். ஜீப்பில் இருந்தவர்கள் அவனையே பார்த்தார்கள். ஒவ்வொரு முறையும் முழு மணியும் அடித்து ஓய்ந்தது.

ரோடு முடிந்த இடத்தில் இறங்கி ஓடினார்கள். மேட்டு மேல் பாறை. பாறையை ஒட்டி ஒரு பெரிய நாவல் மரம். நவீன்குமார் மூச்சு வாங்க நின்று அண்ணாந்து பார்த்தான். மரத்தின் தாழ்ந்த கிளைகளில் பிளாஸ்டிக் பைகள் கட்டித் தொங்கின. ஒவ்வொரு பையிலும் ஒரு போன். ஒரு பை மட்டும் காலியாக இருந்தது.

ஆடு ஓட்டிக்கொண்டிருந்த ஒரு பெண், பெயர் மங்கம்மாள், இவர்களைக் கண்டதும் கோலைப் பிடித்துக்கொண்டு தள்ளியே நின்றாள். வெள்ளையம்மாள் அனுப்பித்தான் வந்தோம் என்று சகிலா கெஞ்சாத குறையாகச் சொன்ன பிறகுதான் வாயைத் திறந்தாள். குடிசைப் பக்கம் டவர் கிடையாது. ஊரில் இந்த மரத்தடியில் மட்டும்தான் உண்டு. ஆகவே போன் வைத்திருக்கிறவர்கள் எல்லாம் காலையில் இங்கே கட்டித் தொங்கவிட்டுவிட்டுக் கொல்லை வேலைக்குப் போய்விடுவார்கள். கீழே வேலை செய்கிறவர்களுக்கு மணிச் சத்தம் நன்றாகக் கேட்கும். அவரவர் மணி அவரவருக்குத் தெரியும். அடித்தால் ஓடி வருவார்கள்.

மறைத்து வைத்த பெயரில்லை அது. சிவசங்கரி உள்ளதை உள்ளபடிதான் எழுதி வைத்திருந்தாள். நாவமரத்து போன், நாவமரம்.

"பைக்ல ரெண்டு பேரு வந்தாங்க" என்றாள் மங்கம்மாள். "ராஜாக்கண்ணு எங்கன்னு கேட்டாங்க. தெரியாதுன்னேன். ஊருக்குள்ள போய் அத்தினி பேரையும் கேட்டாங்க. ஒருத்தரும் சொல்லல சாமி. சின்னப் புள்ளைங்ககூட சொல்லல. அப்பறம் வந்து இங்க ஒக்காந்துக்கினாங்க. திரும்பிப் போவறதா இருந்தாங்க, வண்டியக்கூட ஸ்டார்ட் பண்ணிட்டாங்க."

நவீன்குமாருக்கு அடுத்த வார்த்தை தெரிந்துவிட்டது. அவள் சொல்லாமல் இருந்துவிட மாட்டாளா என்று இருந்தது.

"அவரு போனு அடிச்சிது. வண்டிய ஆஃப் பண்ணிட்டாங்க. எடுக்கல, பாத்துக்கினே ஒக்காந்திருந்தாங்க. நின்னுச்சு, மறுபடி அடிச்சிது. விடாம அடிச்சிது. அதுக்கு சிவசங்கரிப் பொண்ணைத் தவுர யாரும் பண்ண மாட்டாங்க. அவளுக்கு இன்னா ஆச்சோன்னு சாமைக் கொல்லையிலேந்து அருவாகூட எடுக்காம ஓடியாந்தாரு."

நடுவில் உட்கார வைத்துக்கொண்டு போனார்கள் என்றாள். போனையும் எடுத்துக்கொண்டார்கள். இந்தப் பக்கம் இல்லை, அந்தப் பக்கக் காட்டுப் பாதையில். இப்போதுதான், ஜீப் சத்தம் கேட்கிறதுக்குக் கொஞ்சம் முன்னால்.

சகிலா பாறையில் உட்கார்ந்துவிட்டாள். காலியான பை காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. இன்ஸ்பெக்டருக்குச் சொல்ல வேண்டும், சிவசங்கரிக்குச் சொல்ல வேண்டும், பைக் போன பாதையில் ஓடவாவது வேண்டும். நவீன்குமார் போனை எடுத்தான். எதற்கென்று அவனுக்கே தெரியாது. வழியெல்லாம் அழுத்திய அதே நம்பரை இன்னொரு தடவை அழுத்தினான்.

இந்தத் தடவை எடுத்தார்கள்.

"வணக்கம் சார். நானே பண்ணணும்னு இருந்தேன் சார். எப்படி சார், கம்ப்யூட்டர் இப்ப ஸ்பீடா ஓடுதா?"

அந்தக் குரலுக்குப் பின்னால் வண்டிச் சத்தம் இருந்தது. அதற்கும் பின்னால், மூச்சிரைக்க, நவீன்குமார் இதுவரை கேட்டிராத இன்னொரு குரல் கேட்டது.

"போன்ல யாருங்க? எங்க வூட்டு வெள்ளையம்மாளா?"

இணைப்பு அறுந்தது. வெள்ளையம்மாள் கதவைப் பிடித்துக்கொண்டு கேட்ட கேள்விக்கு இப்போது நவீன்குமாரிடம் பதில் இருந்தது. உயிரோடு இருக்கிறார். அவளுக்குப் போன் பண்ணி அதைச் சொல்லவும் மரத்தடியில் டவர் நன்றாக இருந்தது. அவன் போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான்.